மாட்டிக்கவே மாட்டிக்காத ஜாக்கெட்டுக்கு 110 பவுண்டு: ஸ்காட்லாந்து ஹில் ரேஸ் வாட்டர்ப்ரூஃப், ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

ரெண்டு வருஷத்துல 14 ரேஸுக்கு இந்த மழை ஜாக்கெட்ட தூக்கிட்டுப் போயிருக்கேன். அதுல போட்டுட்டு ஓடுனது மூணே மூணுல. மிச்ச 11 தடவையும் இடுப்புல கட்டுன பம் பேக்குக்குள்ள பெரிய சாத்துக்குடி சைஸுக்கு சுருண்டு படுத்துக்கிட்டு என்கூடவே மலையேறி எறங்கி வந்துச்சு, வெளிய தலைகூட காட்டல. அப்ப எதுக்கு ரிவ்யூன்னு கேட்டா, இங்க ஹில் ரன்னிங் ஆரம்பிக்கிற எல்லாரும் மொதல்ல ஷூ பத்திதான் கேக்குறாங்க, ஷூ பத்தி ஆயிரம் பேர் எழுதியாச்சு, ஆனா காசக் கொட்டி ஏமாறுறது என்னவோ இந்த ஜாக்கெட்லதான். நானும் பாதி ஏமாந்தேன்.

பிராண்ட் பேர் சொல்லப் போறதில்ல. குறை நிறைய சொல்லுவேன், அதுவும் இல்லாம அந்த மாடலையே போன சீசனோட நிறுத்திட்டாங்க. இதே ரகத்துல அஞ்சாறு கம்பெனி கிட்டத்தட்ட ஒரே மாதிரி செய்யுறாங்க, அதனால நான் சொல்றது முக்கால்வாசி எல்லாத்துக்கும் பொருந்தும்.

சரி, பொருள் இதுதான். லேடீஸ் மீடியம், ரெண்டரை லேயர் துணி (வெளித்துணி, தண்ணி தடுக்கற சவ்வு, உள்பக்கம் முழுத் துணிக்கு பதிலா மெல்லிசா ஒரு பூச்சு), தையல் மேல எல்லாம் உள்பக்கமா டேப் ஒட்டுனது, ஹூட் கழட்ட முடியாம ஜாக்கெட்டோட சேந்தது, டேக்ல 168 கிராம்னு போட்டிருந்துச்சு, வீட்டு சமையக்கட்டு தராசுல வச்சா சின்ன பையோட சேத்து 181 காட்டுச்சு. விலை 160 பவுண்டு, எடின்பரோல ஒரு சின்ன ரன்னிங் கடையில ஜனவரி சேல்ல 110க்கு கெடச்சுது.

ஹில் ரேஸ்னா தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். மாரத்தான் மாதிரி ரோட்ட மூடி, பேரிகேட் கட்டி, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு தண்ணி நீட்டுற சமாச்சாரம் இது கெடையாது. ஊர் ஓரத்துல ஒரு வயல் இல்லாட்டி ஒரு கிராமத்து ஹால், அங்க ஒரு மேஜ, நம்பர் அட்டையும் நாலு சேஃப்டி பின்னும், எதிர்க்க ஒரு மலை. அந்த உச்சிய தொட்டுட்டு வா, எந்த வழியா போறங்கறது பல ரேஸ்ல உன் பாடு. ஹெதர் புதருக்குள்ள முழங்கால் வரைக்கும் போகும், கருப்பு சேறு இடுப்பு வரைக்கும் போகும், கல்லுச் சரிவுல கால் வச்சா மலையே கூட சேந்து கீழ வரும். ரேஸுக்கு ஏ, பி, சின்னு கிரேடு உண்டு, ஏ கிரேடுன்னா ஒரு கிலோமீட்டருக்கு சராசரியா 50 மீட்டராவது ஏத்தம் இருக்கணும், கூடவே தூரத்துக்கு ஷார்ட், மீடியம், லாங், அதாவது 10 கிலோமீட்டருக்குள்ள, 20க்குள்ள, அதுக்கு மேல. ஏ-ஷார்ட்னு போட்டிருந்தா ஷார்ட்ட பாத்து சந்தோஷப்படாதீங்க, ஏ-வ பாத்து பயப்படுங்க. என்ட்ரி ஃபீஸ் நிறைய ரேஸ்ல ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள்ளதான், முடிச்சா சூப்பும் கேக்கும் தருவாங்க, அந்த கேக்குக்காகவே ஓடுறவங்கள எனக்கு தெரியும், நானும் அதுல சேத்திதான்.

ஆனா ஓட விடுறதுக்கு முன்னாடி கிட் செக். பொதுவா கேக்குறது இது: உடம்பு முழுக்க மூடுற வாட்டர்ப்ரூஃப், அதாவது டேப் ஒட்டுன தையலும் சேந்த ஹூட்டும் இருக்கற ஜாக்கெட், கூட பேன்ட், அப்புறம் தொப்பி, கையுறை, மேப், காம்பஸ், விசில், அவசரத்துக்கு கொஞ்சம் சாப்பாடு. ரேஸுக்கு ரேஸ் மாறும், வெயில் நாள்ல குறைச்சுக்கவும் செய்வாங்க. சில எடத்துல ஃபினிஷ் லைன்லயும் திறந்து காட்டச் சொல்லுவாங்க, இல்லேன்னா ஓடுனது கணக்குல வராது. அந்த செக் பண்ற பெருசுகள ஏமாத்த முடியாது. ஹூட்ட பிடிச்சு ஒரு இழு, உள்ள திருப்பி டேப்ப விரலால ஒரு தடவு, முடிஞ்சுது. என் முன்னாடி நின்ன ஒருத்தர் சைக்கிள்காரங்க போடுற காத்துத்தடுப்பு ஜாக்கெட்ட காட்டிட்டு திருதிருன்னு முழிச்சத பாத்திருக்கேன், அவர காருக்கு திருப்பி அனுப்பிட்டாங்க.

இவ்ளோ கறார் எதுக்குன்னா, காரணம் இருக்கு. 1957ல பென் நெவிஸ் ரேஸ்ல ஒரு ஓட்டக்காரர் குளிராலயே எறந்து போனார். அதுவும் அந்த ரேஸ் நடக்கறது செப்டம்பர் மாசம், பனிக்காலம் கூட இல்ல. பென் நெவிஸ் 1,345 மீட்டர், ஏறக்குறைய கடல் மட்டத்துல இருக்கற ஃபோர்ட் வில்லியம்ல இருந்து கெளம்பி உச்சிக்கு போயிட்டு திரும்பணும், கீழ டீ சர்ட்ல நிக்கலாம், மேல நெலவரமே வேற. 1883ல இருந்து 1904 வரைக்கும் அந்த உச்சியிலயே வானிலை ஆபீஸ் கட்டி ஆள் வச்சு மணிக்கு மணி குறிச்சாங்க, வருஷ மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல, வருஷ சராசரி வெப்பம் பூஜ்யத்த ஒட்டி. பல்லு கிட்டிக்கிட்டு குறிச்ச கணக்கு அது.

எனக்கு ஜாக்கெட் வித்த பொண்ணும் ஒரு ரன்னர்தான், நல்லாத்தான் சொல்லிச்சு. கம்பளித் தொப்பி போட்டுட்டு அதுக்கு மேல ஹூட் மாட்டிப் பாரு, பம் பேக்க எடுத்துட்டு வந்து அதுக்குள்ள திணிச்சுப் பாரு, கையுறையோட ஜிப்ப இழுத்துப் பாரு. மூணையும் செஞ்சேன். கையுறையோட ஜிப் சரியா வரலதான், ஆனா 50 பவுண்டு குறையுதேங்கற சந்தோஷத்துல அத கண்டுக்கல. அது கடைசியா சொன்னது, லார்ஜ் எடுங்க, உள்ள ரெண்டு அடுக்கு போடணும்ல. நான் கண்ணாடிய பாத்தேன். மீடியம் கச்சிதமா இருந்துச்சு, ஃபோட்டோல நல்லா விழும். மீடியமே எடுத்தேன்.

இப்ப போட்டு ஓடுறது எப்படின்னு சொல்றேன். மோசம்.

இது இந்த ஜாக்கெட்டோட தப்பு மட்டும் கெடையாது. மலை ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும், வேர்வை ஊத்தும், துணி மூச்சு விடும்னு விளம்பரத்துல சொல்றது எல்லாம் மெதுவா நடக்குறவங்களுக்கு. அந்த ஆவி துணி வழியா வெளிய போகணும்னா துணியோட வெளிப்பக்கம் காஞ்சிருக்கணும், மழையில அது ஊறிட்டா வழி அடைஞ்சுது, உள்ள இருக்கற வேர்வை உள்ளயேதான். மொத தடவ போட்டு ஓடுன ரேஸ்ல கால் மணி நேரத்துல கைக்குள்ள தண்ணி ஓடுச்சு, மழைத்தண்ணியா வேர்வையான்னு நக்கிப் பாத்தாதான் தெரியும், பாத்தேன், உப்பு. கூட ஓடுனவங்கள்ல பாதிப்பேர் மழைய சட்ட பண்ணவே இல்ல, நனைஞ்ச பின்னாடி முக்காடு எதுக்குங்கற கணக்கா வெறும் கிளப் பனியனோட போயிட்டே இருந்தாங்க, கொஞ்ச பேர் மட்டும் 80, 90 கிராம் எடை இருக்கற மெல்லிசு காத்துத்தடுப்பு ஸ்மாக் போட்டிருந்தாங்க. அதுதான் சரி. ஓடிட்டே இருக்கற வரைக்கும் ஈரம் பெருசா ஒண்ணும் பண்ணாது, காத்துதான் எதிரி. 2 டிகிரி குளிர்ல மணிக்கு 60 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 6 மாதிரி, ஸ்காட்லாந்து மலை முகட்டுல 60 எல்லாம் ரொம்ப சாதாரணம். அதனால ரேஸ் ஓட ஒரு ஸ்மாக் வாங்குங்க, அதுக்கு 110 பவுண்டு ஆகாது. ஆனா ஸ்மாக்க காட்டி கிட் செக்க தாண்ட முடியாது, அதுவும் தெரிஞ்சுக்கங்க.

மூணு ரேஸ் அனுபவத்துல இத எழுதியிருந்தா அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம் குடுத்துட்டு போயிருப்பேன். அந்த ஜனவரி சனிக்கிழமைதான் கணக்க மாத்துச்சு.

கார்னெத்தி ஃபைவ்னு ஒரு ரேஸ், எடின்பரோக்கு தெக்க பென்ட்லண்ட் மலைகள்ல பிப்ரவரி மாசம் நடக்கும், 1971ல ஆரம்பிச்சது, 1303ல ராஸ்லின்ல நடந்த சண்டைய ஞாபகப்படுத்தறதுக்காக. சுமார் 10 கிலோமீட்டர்தான் ஆனா அஞ்சு மலை, 760 மீட்டர் ஏத்தம். அதுக்கு ரெக்கி பாக்க, அதாவது வழிய முன்கூட்டியே ஓடிப் பாக்க, மூணு பேர் போனோம். நான், கிளப்ல புதுசா சேந்த நம்ம ஊர் தம்பி ஒருத்தன், அறுபத தாண்டுன ஒரு ஸ்காட்டிஷ் அம்மா. அந்தம்மா நான் பொறக்குறதுக்கு முன்னாடி இருந்தே மலை ஓடுறவங்க. அவங்க பம் பேக் எப்பவும் கர்ப்பிணி மாதிரி உப்பி இருக்கும், உள்ள ஒரு பழைய நீலக்கலர் ஜாக்கெட், ஆம்பளைங்க லார்ஜ், எப்படியும் 350 கிராம் இருக்கும். நாங்க எல்லாம் அத கூடாரம்னு கிண்டல் பண்ணுவோம்.

மவுன்டன் வெதர் சர்வீஸ்ல போட்டிருந்தது மோசமா இல்ல, மத்தியானத்துக்கு மேலதான் ஆலங்கட்டின்னு. காலையில பதினோரு மணிக்கே வந்துடுச்சு. ஸ்கால்ட் லா உச்சி, 579 மீட்டர், பென்ட்லண்ட்ஸ்லயே அதுதான் உசரம், அங்க நிக்கும்போது கிளாக் எறங்குச்சு. கிளாக்னு இங்க ரன்னர்ங்க சொல்றது மேகம் மலை மேலயே வந்து உக்காந்துக்கறது, பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. அஞ்சு மலைய இன்னொரு நாள் பாக்கலாம், திரும்பிடலாம்னு முடிவு பண்ணி, பழைய கிர்க் ரோடுன்னு ஒரு பாதை ஸ்கால்ட் லாக்கும் கார்னெத்திக்கும் நடுவுல குறுக்க போகுது, அத நோக்கி எறங்க ஆரம்பிச்சோம். அந்த எறக்கம் செங்குத்து, ஈரப்புல்லும் கல்லும். தம்பி எனக்கு முன்னாடி, இளரத்தம், பறந்துட்டு இருந்தான், அப்புறம் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

போய் பாத்தா கணுக்கால பிடிச்சுட்டு படுத்திருக்கான்.

"அக்கா, ஒடஞ்சிருச்சுன்னு நெனக்கிறேன்."

"உக்காரு மொதல்ல. கால அப்புறம் பாக்கலாம்."

"நீங்க போங்கக்கா, உங்களுக்கு குளிருது. நான் மெதுவா வந்துர்றேன்."

"வாய மூடிட்டு இந்த கையுறைய மாட்டு."

எழுந்து நிக்கப் பாத்தான், மூஞ்சி வெளுத்துப் போச்சு, தலை சுத்துதுன்னான். கால ஊன முடியல. 999க்கு அடிச்சு போலீஸ கேட்டு, அவங்ககிட்ட மவுன்டன் ரெஸ்க்யூ வேணும்னு சொல்லணும், அதுதான் இங்க முறை, வர்றவங்க எல்லாம் சம்பளம் இல்லாத வாலன்டியர்ஸ், காசும் கேக்க மாட்டாங்க. ஆனா மேகம் இல்லேன்னா ரோடு கீழ தெரியற தூரம்தான், கார் அங்கதான் நிக்குது, கார்ல நடக்குற குச்சி, பேண்டேஜ், பிளாஸ்க் எல்லாம் இருக்கு, அரை மணி நேரம் பாக்கலாம், அப்பவும் கால் ஊன முடியலன்னா அடிச்சுடலாம்னு அந்தம்மா சொன்னாங்க. சொல்லிட்டே பம் பேக்க தொறந்து அந்த நீலக் கூடாரத்த உருவி, தம்பி போட்டிருந்த எல்லாத்துக்கும் மேல மாட்டி விட்டாங்க. தம்பி ஆறடி. அவனுக்கே அது தொடை வரைக்கும் வந்துச்சு. அவங்க வெறும் ஸ்மாக்கோட, "நான் ஓடப்போறேன், எனக்கு எதுக்கு"ன்னு ஒரு வார்த்த, கிளாக்குக்குள்ள போயிட்டாங்க.

அப்பதான் எனக்கு ஒறச்சுது. இவ்ளோ நாள் நான் இந்த ஜாக்கெட்ட ஓடுற துணியா நெனச்சு திட்டிட்டு இருந்தேன். இது ஓடுறவனுக்கு தச்சதே இல்ல, நின்னு போனவனுக்கு. ரேஸ்ல நீங்க கால் பெசகி உக்காந்தாலும் சரி, உக்காந்தவனுக்கு துணையா நீங்க நின்னாலும் சரி, வழியில நிக்கற மார்ஷலோ, கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்ற ஸ்வீப்பரோ வந்து சேர்ற வரைக்கும் அடுப்பு அணைஞ்ச உடம்போட, உள்ள ஏற்கனவே ஊறிப்போன பனியனோட காத்துல கெடக்கணும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் 110 பவுண்டு. தூக்கிட்டுப் போன 14 ரேஸ்ல ஒண்ணுலயும் சோதிக்காதத அந்த மலையிடுக்குல 45 நிமிஷம் சோதிச்சேன்.

கல்லு மறைவுல அவன சாச்சு உக்கார வச்சு, நான் காத்து வர்ற பக்கம் உக்காந்தேன். ஆலங்கட்டி துணியில பட்டு படபடன்னு அடிக்குது, ஒரு சொட்டு உள்ள வரல, தோள்ல வரல, தையல்ல வரல. அத ஒத்துக்கணும். மழை விட்டும் தூவானம் விடலங்கற மாதிரி ஆலங்கட்டி நின்னப்புறமும் சாரல் பக்கவாட்டுல அடிச்சுட்டே இருந்துச்சு, அதயும் தாங்குச்சு. கழுத்து ஜிப்ப மூக்கு வரைக்கும் ஏத்திக்கிட்டா உள்ள மூச்சு சூடாவே நிக்கும், அந்த எடத்துல தாடையில உரசாம இருக்க மெத்துன்னு ஒரு துணி தச்சிருக்காங்க, ஓடும்போது கவனிச்சதே இல்ல, அன்னைக்கு அந்த துண்டுத் துணிய தச்ச கைக்கு நன்றி சொன்னேன்.

ஆனா ஜிப்ப ஏத்துறதுக்குள்ள உயிர் போச்சு. இழுக்குற எடம் அரிசி மணி சைஸ், எடைய குறைக்கறாங்களாம். என் கையுறைய தம்பிக்கு குடுத்தாச்சு, விரல் மரத்துப்போச்சு, கடைசியில பல்லால இழுத்தேன். அடுத்த வாரமே ஜிப்ல ஒரு துண்டு கயித்த கட்டிட்டேன், ஒரு கிராம் கூட வராது, அத கம்பெனிக்காரனே கட்டியிருக்கலாம்.

ரெண்டாவது, ஹூட். ஓடும்போது தலையோட திரும்புது, நல்லது. உக்காந்துட்டு காத்துக்கு முதுக காட்டினா காத்து உள்ள பூந்து ஹூட்ட பலூன் மாதிரி தூக்குது, பின்னாடி இறுக்குற கயிறு ஒண்ணே ஒண்ணு, அது முன்பக்கத்த இறுக்காது. முன்னாடி விளிம்புல கம்பி இல்ல, மூஞ்சி மேல துவண்டு விழுது. இதெல்லாம் கடையில நின்னு பாத்தா தெரியவே தெரியாது.

மூணாவதுதான் பெரிய குறை, இத எந்த ரிவ்யூலயும் யாரும் எழுதல. உக்காந்தா என்ன ஆகுதுன்னு. லேடீஸ் கட்டிங்னு சொல்லி இடுப்போட நிறுத்தியிருக்காங்க, நின்னா அழகு, குந்துனா முதுகு கீழ நாலு விரல் வெளிய. ஈரப்புல்லு மேல உக்காந்தா அந்த வழியா தண்ணி. பேன்ட் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன், ஆனா என் பேன்ட்ட தம்பி கால் மேல போத்தியிருந்தேன். பேன்ட் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடுறேன், அது வேற கம்பெனி, 35 பவுண்டு, அத போட்டுட்டு யாரும் ஓட மாட்டாங்க, ஷூவோட மாட்ட முடியுதான்னு மட்டும் பாத்து வாங்குங்க. ஜாக்கெட் நம்பருக்கு வருவோம். டேக்ல 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர்னு போடுறாங்க இல்ல, அது அந்த துணி மேல எவ்ளோ உசர தண்ணித் தூண நிறுத்துனா ஒழுக ஆரம்பிக்கும்ங்கற கணக்கு. சும்மா பெய்யுற மழைக்கு 10,000 தாராளம். ஆனா ஈரத்து மேல உங்க எடையோட உக்காந்தா, முழங்கால ஊனினா, பையோட வார் அழுத்துனா, அந்த எடத்துல அழுத்தம் பல மடங்கு ஏறும். என்னோடது 10,000. நின்னுட்டே காத்திருக்கறதா இருந்தா சரி.

கடைசியா சைஸ். நடுவுல தம்பிக்கு நடுக்கம் அதிகமாச்சு, உள்ள போட்டிருந்த என் ஃப்ளீஸ, அதாவது குளிருக்குப் போடுற மெத்து சட்டைய, கழட்டி குடுக்கலாமா, இல்ல நானே இன்னொண்ண உள்ள போட்டுக்கலாமான்னு யோசிச்சா, மீடியத்துக்குள்ள ஃப்ளீஸே பிதுங்குது. கை தூக்குனா முதுகு ஏறுது. கைய உள்ள இழுத்து வயித்தோட வச்சுக்கலாம்னா எடம் இல்ல. பக்கத்துல தம்பி அந்தக் கூடாரத்துக்குள்ள முட்டிய மடக்கி உள்ள இழுத்துக்கிட்டு, கைய உள்ள விட்டுக்கிட்டு, ஆமை மாதிரி உக்காந்திருக்கான். "அக்கா, இது சூப்பரா இருக்குக்கா"ன்னு வேற சொல்றான். எனக்கு கடைக்கார பொண்ணு ஞாபகம் வந்துச்சு. ஃபோட்டோல நல்லா விழும்னு எடுத்த மீடியம்.

அந்தம்மா பிளாஸ்க்கோட திரும்பி வந்தப்ப 45 நிமிஷம் ஆயிருந்துச்சு. ரெண்டு குச்சி, எங்க ரெண்டு பேர் தோள், ஒண்ணரை மணி நேரம் நொண்டி கீழ எறங்குனோம், எக்ஸ்ரேல எலும்பு ஒடையல, தசைநார் கிழிஞ்சிருந்துச்சு. அந்த வருஷம் அவன் ரேஸ் ஓடல, ஃபினிஷ்ல நின்னு கேக் சாப்டான்.

இன்னும் ரெண்டு குறை, சின்னது. துணி ரொம்ப மெல்லிசு, நூலோட கனம் 10 டெனியர்தான். பென்ட்லண்ட்ஸ் அடிவாரம் பூரா கோர்ஸ்னு மஞ்சப் பூ பூக்குற முள்ளுப்புதர், ஒரு தடவ ஒரு கேட்ட தாண்டும்போது இடது கை அதுல மாட்டி ரெண்டு விரல் நீளத்துக்கு கிழிஞ்சுது. ரிப்பேர் டேப் ஒட்டியிருக்கேன், ரெண்டு பக்கமும், இதுவரைக்கும் ஒழுகல. 110 பவுண்டு துணி ஒரு செடிகிட்ட தோத்துப்போறத ஏத்துக்கத்தான் வேணும், எடை வேணாம்னா வலுவும் வேணாம்னு அர்த்தம்.

அப்புறம் மேல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும்ல, அந்த பூச்சு ஒரு வருஷத்துல போயிடுச்சு. இப்ப வர்ற ஜாக்கெட்ல அந்தப் பழைய ஃப்ளோரின் ரசாயனத்த நிறுத்திட்டு வர்றாங்க, அது மண்ணுல தண்ணியில போய் அழியாம நிக்குதுன்னு. நல்ல காரியம்தான், எனக்கு அதுல புகார் இல்ல, ஆனா புது பூச்சு அழுக்கும் எண்ணெயும் பட்டா சீக்கிரம் தோத்துடுது, பம் பேக்குள்ள வாழைப்பழமும் சன் கிரீமும் கூட கெடந்தா கேக்கவே வேணாம். நிறைய பேர் வாட்டர்ப்ரூஃப துவைக்கக் கூடாதுன்னு நெனச்சு அழுக்கோடயே வச்சிருக்காங்க, தப்பு. அதுக்குன்னு விக்கிற சோப்புத்தண்ணில துவைங்க, மறந்தும் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க, லேபிள்ல அனுமதி இருந்தா டிரையர்ல சின்ன சூட்டுல ஒரு சுத்து விடுங்க, பூச்சு ஓரளவுக்கு மறுபடி உயிர் வரும். நான் வருஷத்துக்கு ரெண்டு தடவ பண்றேன். ஈரத்தோட பையில சுருட்டி வச்சா உள்பக்க டேப் உரிய ஆரம்பிக்கும், ரேஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் கதவுல தொங்க விடுங்க, சூப்பு மயக்கத்துல மறந்துடாதீங்க.

"அந்தக் காலத்துல இதெல்லாம் யார் போட்டா"ன்னு கிளப்புல ஒருத்தர் எப்பவும் சொல்லுவார். உண்மைதான். 1895ல வில்லியம் ஸ்வான்னு ஃபோர்ட் வில்லியம் முடி திருத்துறவர் ஒருத்தர் பென் நெவிஸ் ஏறி எறங்கி வந்தார், 2 மணி 41 நிமிஷம், நேரம் பாத்து ஓடுன மொத ஓட்டம் அது. அப்புறம் 1899ல ஸ்கை தீவுல ஹர்கபீர் தாப்பான்னு ஒரு கூர்க்கா சிப்பாய் ஸ்லிகாஹன் விடுதியில இருந்து கிளாமைக் மலைக்கு, 775 மீட்டர், வெறுங்காலோட ஏறி எறங்கி 55 நிமிஷத்துல திரும்பி வந்து நின்னார், அதுக்கும் இன்னைக்கு வருஷாவருஷம் ரேஸ் நடக்குது. செருப்பே இல்லாம ஓடுனவர்கிட்ட போய் தையல் டேப்ப காட்டச் சொல்ல முடியாது. 1955ல கேத்லீன் கானகீன்னு 16 வயசுப் பொண்ணு பென் நெவிஸ் ஓடுனப்ப பொம்பளைங்கள ரேஸ்லயே சேக்கல, அவங்க கணக்குல வராமத்தான் ஓடிட்டு வந்தாங்க, லேடீஸ் கட்டிங்குக்கு எங்க போறது. 1984ல கென்னி ஸ்டூவர்ட் அதே மலைய 1 மணி 25 நிமிஷம் 34 செகண்டுல முடிச்சார், அந்த வேகத்துல போறவருக்கு குளிர்றதுக்கு நேரமே கெடையாது. எனக்கு மூணு மணி நேரம் ஆகும். மலை மேல அவர விட ரெண்டு மடங்குக்கு மேல நேரம் இருக்கப்போறது நான், அப்ப ஜாக்கெட் யாருக்கு வேணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. ரெக்கார்ட் போடுறவங்க 120 கிராம் காகித ஜாக்கெட்ட வாங்கிக்கட்டும், அது அவங்களுக்கு சரி. நம்மள மாதிரி பின்பாதியில வர்றவங்க அவங்கள பாத்து அதையே வாங்குறதுதான் எனக்கு புரியாத விஷயம்.

ஆகமொத்தம் இந்த மாடலுக்கு மழைத்தடுப்புல அஞ்சுக்கு நாலரை, ஓடுறதுக்கு ஒண்ணரை, உக்காந்திருக்க ரெண்டு. வாங்குறவங்க கடையில நின்னு பாக்காதீங்க, தரையில குந்திப் பாருங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாத்துட்டு போகட்டும். உள்ள ஃப்ளீஸ போட்டுட்டு, முட்டிய உள்ள இழுக்க முடியுதா, முதுகு தெரியுதா, பல்லு உதவியில்லாம ஜிப் ஏறுதான்னு பாருங்க. 60, 70 கிராம் கூட இருந்தாலும் பரவாயில்ல, நிறைய பேர் அதுக்கு மேல தண்ணிய காலையில குடிச்சுட்டு ஸ்டார்ட்டுக்கு வர்றாங்க.

நான் போன மாசம் ஆம்பளைங்க லார்ஜ் ஒண்ணு வாங்கிட்டேன், செகண்ட்ஹேண்ட், 260 கிராம், கலர் அசிங்கமான கடுகு மஞ்சள், பம் பேக் உப்பிப்போச்சு, இப்ப கிளப்ல ரெண்டு கூடாரம்னு பேச்சு. பழைய மீடியம் சும்மாதான் கெடக்கு, இடது கையில கருப்பு டேப், ஜிப்ல சிவப்புக் கயிறு, போன வாரம்தான் துவைச்சேன். எடின்பரோ பக்கம் யாருக்காவது வேணும்னா 40 பவுண்டு, குள்ளமா இருக்கறவங்களுக்கு லார்ஜ் மாதிரியே இருக்கும். பேன்ட் குடுக்க மாட்டேன்.